புதுப்பிக்க மறுக்கும் கணனி



ஒருவர் ஒரு வளவை வாங்குகின்றார். விலையைக் கொடுத்து, வேலி அடைத்து, கிணற்றை இறைத்து, மாமரம் நட்டுப் பத்தாண்டுகள் அதிலே வாழ்கின்றார். பின்பு ஒருநாள் மேலும் ஓர் அறை கட்ட எண்ணி அனுமதி கேட்டுப் போகின்றார். அலுவலகத்தில் இருப்பவர் அவருடைய சுவரைப் பாரார், கிணற்றைப் பாரார், "உறுதி யார் பெயரில் இருக்கின்றது?" என்ற ஒன்றையே கேட்பார். உறுதி முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே கிடந்தால், அறை கட்டும் எண்ணம் அங்கேயே நின்றுவிடும். சுவரில் வெடிப்பில்லை, கூரையில் ஒழுக்கில்லை, குறை கடதாசியில் இருக்கின்றது.

இன்று நம்முடைய மேசைகளின் மேல் இருக்கும் கணனிகளிலும் இதையொத்த வழக்கு அடிக்கடி எழுகின்றது. கணனி நன்றாக இயங்குகின்றது, எழுத்து வேலை நடக்கின்றது, படங்கள் திறக்கின்றன. ஆயின், ஒரு செயலியைப் புதுப்பிக்கக் கேட்டால் மட்டும் "இயலாது" என்ற விடை வருகின்றது. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பலர் அதைத் தூக்கிக்கொண்டு திருத்துநரிடம் செல்கின்றனர். வேறு சிலர், இருப்பது போதும் என்று புதுப்பித்தலையே கைவிட்டு விடுகின்றனர். இத்தகைய மறுப்புகளுட் பல இயந்திரத்தின் நோயல்ல, பெயர் பொருந்தாமையே என்பதையும், அதனைக் கண்டறிந்து தீர்க்கும் முறையையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். எழுதுவதற்கும், படம் பார்ப்பதற்கும், கணக்குப் போடுவதற்கும் கணனியில் நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிரலையும் செயலி என்கின்றோம். அச்செயலியை ஆக்கியவர்கள் பின்னர்த் தாம் கண்ட குறைகளை நீக்கி, புதிய வசதிகளைச் சேர்த்து வெளியிடும் திருத்திய பதிப்பைப் பெற்றுக்கொள்வதே புதுப்பித்தலாகும். கணக்கு என்று இங்கே நாம் கூறுவது வங்கிக் கணக்கையன்று. ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் நம் பெயருக்குத் திறக்கப்பட்ட பக்கம் என்று அதனைக் கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரி அப்பக்கத்தின் தலைப்பு; கடவுச்சொல் அதன் சாவி.

புதுப்பிக்காமல் விட்டால் வரும் கேடு யாது என்று ஒருவர் கேட்கலாம். 2017 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாள், விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் திருத்தம் வெளியிட்டனர். அதே ஆண்டு மே 12 ஆம் நாள், அக்குறையின் வழியாகவே 'வன்னாகிரை' என்ற தீய நிரல் உலகெங்கும் புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளிற் கணனிகள் முடங்கின. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகள் நோயாளருக்குக் குறித்த நாட்களை மாற்ற நேர்ந்தது. மருந்து வந்து 59 நாட்களுக்குப் பின்னர் வந்த நோய் அது. அங்கே புதுப்பிக்கப்படாதிருந்தது இயங்குதளம். நாம் இங்கே பேசுவது செயலிகளைப் பற்றி. ஆயினும் பாடம் ஒன்றே. அறியப்பட்ட குறையைத் திருத்தாது வைத்திருப்பது, பூட்டு உடைந்தது என ஊரறிந்த பின்னும் கதவை அப்படியே விட்டிருப்பதை ஒக்கும்.

இனி, கணனிக்குள் இந்தப் 'பெயர்' எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம். முன்னாளிற் செயலிகள் தட்டுகளில் விற்கப்பட்டன. தட்டை வைத்திருப்பவரே உரிமையாளர் போலத் தோன்றினார். 2011 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள் அப்பிள் நிறுவனத்தார் மக் கணனிகளுக்கென இணையத்திலே ஒரு செயலிக் கடையைத் திறந்தனர். 2012 இல் விண்டோஸ் 8 உடன் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரும் தமக்கு ஒரு கடை வைத்தனர். இக்கடைகளிற் பொருள் வாங்க வேண்டுமாயின், இலவசமாகக் கிடைக்கும் பொருளாயினும், பெயர்ப்பதிவு ஒன்று தேவை என்பது பொது வழக்காயிற்று. மக் கணனியில், கடையிலிருந்து வந்த செயலி ஒவ்வொன்றினுள்ளும் நம் கண்ணிற் படாத சிறு உறை ஒன்று உண்டு. அதனுள் ஒரு பற்றுச்சீட்டு இருக்கும். கடையிலே பெற்ற பொருள் இது என்பதற்கு அதுவே சான்று. புதுப்பித்தலைக் கேட்கும்போது, செயலியை முன்பு எடுத்த பெயரும் இப்பொழுது கேட்கும் பெயரும் ஒன்றா என்று கடை பார்க்கின்றது. இரண்டும் வேறாயின் மறுக்கின்றது. வேறொருவர் வாங்கிய பொருள் இது, அல்லது வாங்கியது மீளப் பெறப்பட்டது என்ற கருத்தில் ஒரு செய்தி திரையிலே தோன்றும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். றொறன்ரோவில் வாழும் அவருடைய பெறாமகன், தாம் நான்காண்டுகள் பயன்படுத்திய மக் கணனியைச் சித்தப்பாவுக்கு அன்போடு அனுப்பி வைக்கின்றார். ஆசிரியர் அதிலே 'பேஜஸ்' என்னும் எழுத்துச் செயலியைக் கொண்டு தம் ஊரின் வரலாற்றை எழுதி வருகின்றார். 180 பக்கங்கள் ஆகிவிட்டன. பெறாமகன் தம்முடைய புதிய கணனியில் அவ்வேட்டைத் திருத்தித் திருப்பியனுப்ப, ஆசிரியரின் பழைய செயலி அதைத் திறக்க மறுக்கின்றது. புதிய பதிப்பு வேண்டும் என்கின்றது. புதுப்பிக்கப் போனால், பெறாமகனுடைய மின்னஞ்சல் முகவரியைக் காட்டி அதற்குரிய கடவுச்சொல்லைக் கேட்கின்றது. இங்கே காலை பத்து மணியானால் அங்கே நள்ளிரவுப் பொழுது. அவரை எழுப்பிக் கேட்டாலும், கடவுச்சொல்லின் பின்னர் ஆறு இலக்க எண் ஒன்று அவருடைய கைத்தொலைபேசிக்கே போகும். செயலியை நீக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள் என்று ஒருவர் ஆலோசனை கூறுகின்றார். ஆசிரியர் அஞ்சுகின்றார். செயலி போனால் 180 பக்கங்களும் போய்விடுமோ என்பது அவருடைய அச்சம்.

இந்த அச்சம் இயற்கையானது. இதற்குரிய விடையைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன், கணனியிலே ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கும் மூன்று பதிவுகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கணனிக்குள் நுழையும் கணக்கு. காலையிற் கணனியைத் திறக்கும்போது நாம் இடும் கடவுச்சொல் இதற்குரியது. இது வீட்டு வாயிலின் சாவி. இரண்டாவது, செயலிக் கடையின் கணக்கு. இதுவே உறுதியில் இருக்கும் பெயர். அப்பிள் நிறுவனத்தார் இதனை நெடுங்காலம் 'அப்பிள் ஐடி' என்றனர். 2024 முதல் 'அப்பிள் கணக்கு' என்கின்றனர். மூன்றாவது, கடைக் கணக்கோடு இணைத்த கட்டணப் பதிவு, அதாவது வங்கி அட்டையின் விவரம்.

பலர் செய்யும் தவறு யாதெனில், முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதும் மாறிவிட்டது என்று எண்ணுவதாகும். பழைய கணனி ஒன்று கைக்கு வந்ததும் தம் பெயரிற் புதிய பயனர் ஒருவரை அதில் உண்டாக்குகின்றனர். வாயிலிற் புதிய பெயர்ப்பலகை தொங்குகின்றது. ஆயின், செயலிகள் அந்தக் கணனியின் பயனர் எல்லார்க்கும் பொதுவான இடத்திலே இருப்பவை. அவற்றினுள் இருக்கும் பற்றுச்சீட்டு பழைய பெயரிலேயே இருக்கின்றது. பெயர்ப்பலகையை மாற்றினால் உறுதி மாறுமா?

இனி, மறுப்பு வந்தபோது செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகக் கூறுவேன். கையிற் கடதாசியும் பேனையும் இருப்பின் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவதாக, செய்தியை முழுவதும் வாசியுங்கள். அது மறையுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். பிழை எண் இருப்பின் அதனையும் எழுதுங்கள். "ஏதோ பிழை வந்தது" என்பது நோயைச் சொல்லாது மருந்து கேட்பது போன்றது.

இரண்டாவதாக, மறுக்கப்படுவது எல்லாச் செயலிகளுமா, ஒன்றிரண்டு மட்டுமா என்று பாருங்கள். இது மிகப் பயனுள்ள சோதனை. எல்லாமே மறுக்கப்பட்டால், குறை பெரும்பாலும் இணையத் தொடர்பிலோ, கடிகாரத்திலோ, கடைக் கணக்கிலோ இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் மறுக்கப்பட்டால், அவை வேறு பெயரில் எடுக்கப்பட்டவை என்று ஐயுறலாம்.

மூன்றாவதாக, கணனியின் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பாருங்கள். இதற்கும் கணக்கிற்கும் என்ன தொடர்பு என்று வியப்பீர்கள். கடையும் கணனியும் ஒன்றையொன்று நம்புவதற்கு மின்னியற் சான்றிதழ்களைக் காட்டிக் கொள்கின்றன. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய கணனிகள் பலவற்றில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று கடிகாரத்தைக் காக்கின்றது. அது செத்துவிட்டால் நாள் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்பொழுது உண்மையான சான்றிதழும் செல்லாச் சான்றிதழாகத் தோன்றும். கணக்கினுள் நுழையவும் இயலாது. நேரத்தைத் தானாகவே இணையத்திலிருந்து பெறும்படி அமைத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

நான்காவதாக, கடையினுள் இப்பொழுது யார் பெயர் இருக்கின்றது என்று பாருங்கள். மக் கணனியிற் செயலிக் கடையைத் திறந்தால், இடப்பக்கத்தின் கீழ் மூலையிற் பெயர் தோன்றும். அதனை அழுத்தினால் அப்பெயரிற் பெற்ற செயலிகளின் பட்டியல் வரும். மறுக்கப்பட்ட செயலி அப்பட்டியலில் இல்லையானால், அது வேறு கணக்கிற்கு உரியது என்பது ஏறக்குறைய உறுதி. அவ்வேறு கணக்கும் உங்களுடையதே எனின், அதாவது பழைய மின்னஞ்சலில் ஒன்றும் புதிய மின்னஞ்சலில் ஒன்றுமாக நீங்கள் இரண்டு கணக்குகள் வைத்திருந்தால், இப்போதைய கணக்கிலிருந்து வெளியேறிப் பழைய கணக்கில் நுழைந்து புதுப்பியுங்கள். பெயர் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், ஒருமுறை வெளியேறி, கணனியை நிறுத்தித் திறந்து, மீண்டும் நுழைந்து பாருங்கள். பல வேளைகளில் இதுவே போதும்.

ஐந்தாவதாக, கட்டணப் பதிவைப் பாருங்கள். அட்டை காலாவதியாகியோ, முன்னைய கொள்வனவு ஒன்றின் பணம் செலுத்தப்படாமலோ இருந்தால், இலவசச் செயலிகளையும் புதுப்பிக்க இயலாது போகலாம். கடையின் நிபந்தனைகள் மாறியிருந்து, அவற்றை நீங்கள் ஏற்காதிருந்தாலும் வழி அடைபடும். இவை சங்கக்கடையிற் பழைய பற்று நிற்பது போன்றவை. தீர்த்துவிட்டாற் கதவு திறக்கும்.

இவ்வளவும் பார்த்த பின்னரும் செயலி பிறர் பெயரில் இருப்பதே காரணம் என்று தெரிந்தால், ஆறாவது வழிக்கு வரலாம். செயலியை நீக்கி, உங்கள் பெயரிற் புதிதாக எடுத்தலே அது. இங்கேதான் ஆசிரியரின் அச்சத்திற்கு விடை கூற வேண்டும். செயலி என்பது பேனை. ஏடு என்பது தாள். பேனையை எறிந்தால் எழுதிய தாள் அழிவதில்லை. 'பேஜஸ்' செயலியில் எழுதிச் சேமித்த ஏடுகள் செயலியினுள்ளே இருப்பவை அல்ல. அவை வேறிடத்தில் இருப்பவை. ஆயினும் எல்லாச் செயலிகளும் ஒரே தன்மையன அல்ல. குறிப்புகளையும் இசைப்பதிவுகளையும் தமக்கென ஒதுக்கிய மறைவிடங்களிலே வைத்திருக்கும் செயலிகளும் உண்டு. ஆதலின், எதை நீக்குவதாயினும் முதலில் வெளித்தட்டு ஒன்றிற் பிரதி எடுத்து, அப்பிரதியைத் திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே நீக்குங்கள்.

நம் ஆசிரியர் செய்ய வேண்டுவது இதுவே. 180 பக்கங்களையும் வெளித்தட்டிற் பிரதி செய்கின்றார். தம்முடைய மின்னஞ்சலைக் கொண்டு தம் பெயரிற் கணக்குத் திறக்கின்றார். பெறாமகனின் கணக்கிலிருந்து வெளியேறுகின்றார். பழைய 'பேஜஸ்' செயலியைக் குப்பைக்கூடையில் இட்டு, கூடையையும் வெறுமையாக்கி, கணனியை நிறுத்தித் திறக்கின்றார். பின்பு தம் பெயரிலே கடைக்குட் சென்று அச்செயலியைப் புதிதாக எடுக்கின்றார். 2013 இற் புதுக் கணனி வாங்குவோர்க்கும், 2017 ஏப்ரல் முதல் எல்லா மக் கணனிப் பயனர்க்கும் அது இலவசமாக்கப்பட்டது. ஆதலால் அவர் பணம் செலுத்த வேண்டியதில்லை. இப்பொழுது உறுதி அவர் பெயரில். ஏடு திறக்கின்றது.

விலை கொடுத்து வாங்கிய செயலியாயின் கதை வேறு. பெறாமகன் வாங்கியது சித்தப்பாவுக்குச் செல்லாது. மீண்டும் விலை கொடுக்க நேரலாம். ஒருவரே இரண்டு கணக்குகள் வைத்திருந்தால், ஒன்றிற் பெற்றவற்றை மற்றதற்கு மாற்றும் வசதியை 2025 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தார் சில நாடுகளில், பல நிபந்தனைகளோடு தொடங்கினர். அது தம்முடைய இரண்டு கணக்குகளை ஒன்றாக்குவோர்க்கு உரியதேயன்றி, ஒருவர் பொருளை மற்றொருவர்க்கு எழுதிக் கொடுப்பதற்கு உரியதன்று.

விண்டோஸ் கணனி வைத்திருப்போர்க்கும் இம்முறைகளிற் பெரும்பாலானவை பொருந்தும். கணனிக்குள் நுழைந்த பெயர் ஒன்றாகவும் மைக்ரோசொப்ட் கடைக்குள் நுழைந்த பெயர் வேறாகவும் அங்கேயும் இருக்கலாம். பணியகமோ பாடசாலையோ தந்த கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே கணனியிற் கலந்திருப்பதும் உண்டு. கடையைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் பெயர் அல்லது படத்தை அழுத்திச் சரி பாருங்கள். பெயர் சரியாக இருந்தும் புதுப்பித்தல் நடைபெறாவிடின், கடையின் தற்காலிக நினைவகத்தை வெறுமையாக்கலாம். தேடும் கட்டத்தில் டபிள்யூ, எஸ், ஆர், ஈ, எஸ், ஈ, ரி என்னும் ஏழு ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து எழுதி நுழைவு விசையை அழுத்தினால், அந்த வேலை நடக்கும். இதனாற் செயலிகளோ கணக்கோ அழிவதில்லை. பிழை எண் 80070005 என்று முடியுமாயின், அனுமதி மறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். நீங்கள் நுழைந்திருக்கும் பயனர்க்குப் போதிய அதிகாரம் இல்லாமையும் அதற்கு ஒரு காரணமாகலாம். நிருவாகியின் கணக்கில் நுழைந்து பார்ப்பது தகும்.

நேயர்களே, இவையெல்லாம் நோய் வந்தபின் செய்யும் வைத்தியம். வருமுன் காப்பது எளிது. பழைய கணனியைப் பிறருக்குக் கொடுப்போர், தம் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, கணனியை முற்றாக அழித்துப் புதிதாக்கிக் கொடுக்க வேண்டும். பெறுவோரும் இதனைத் தயங்காது கேட்க வேண்டும். அன்பளிப்பாக வந்ததைக் குறித்துக் கேள்வி கேட்பதா என்று கூசுதல் வேண்டாம். காணியை நன்கொடையாகத் தருபவரும் உறுதி எழுதியே தருகின்றார் அல்லரோ? கடையிற் கணனி வாங்குவோர், கடைக்காரர் தம் வசதிக்காக ஏதோ ஒரு பெயரிற் கணக்குத் திறந்து தந்தால் அதனை ஏற்காது, தம் பெயரிலேயே திறக்கும்படி கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று, சற்று மனத்தை வருத்தும் செய்தி. வீட்டிலே ஒருவர் மட்டும் கணக்குகளை அறிந்திருந்து, அவர் காலமாகிவிட்டால், அக்கணனி குடும்பத்தார்க்கு அரைப்பூட்டுப் பெட்டியாகிவிடும். 2021 டிசம்பரில் அப்பிள் நிறுவனத்தார், தமக்குப் பின் தம் படங்களையும் ஏடுகளையும் பெறுதற்குரிய ஒருவரை நாமே முன்கூட்டி நியமிக்கும் வசதியைக் கொண்டுவந்தனர். ஆயின் அவ்வாறு நியமிக்கப்பட்டவர்க்கும், இறந்தவர் விலைக்குப் பெற்ற திரைப்படம், இசை, நூல் முதலியன சேரா. கடையில் நாம் பெறுவது பொருளையன்று, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே என்பதை இது காட்டுகின்றது. ஆகவே வீட்டுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள். எந்தக் கணனியில் எந்த மின்னஞ்சல் முகவரியிற் கணக்கு இருக்கின்றது, அதற்குரிய தொலைபேசி எண் எது என்பவற்றை எழுதி, உறுதிகள் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் கணக்கிலே குறை உண்டு, நாங்கள் திருத்தித் தருகின்றோம்" என்று தாமாகவே தொலைபேசியில் அழைப்போரை நம்ப வேண்டாம். கடவுச்சொல்லையும், கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அவற்றைக் கொடுப்பது உறுதியை வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுப்பதாகும்.

கணனி மறுத்தால் அதன்மேற் சினந்து பயனில்லை. அது நம்மை நோக்கிக் கேட்பது, "நீர் யார்? இதனை எடுத்தவர் யார்?" என்ற இரண்டு கேள்விகளே. இரண்டுக்கும் ஒரே பெயரை விடையாகச் சொல்லும்படி நம்முடைய கணக்குகளை ஒழுங்கு செய்து வைப்போமாயின், புதுப்பித்தல் தடையின்றி நடக்கும். ஆசிரியரின் ஊர் வரலாறும் 181 ஆம் பக்கத்திற்குச் செல்லும்.